கெர்னல் எழுப்பும்வரை

கோப்பு மாறிவிட்டதா என்று நொடிக்கொரு முறை போய்ப் பார்க்கும் நிரல் எனக்குப் பிடிப்பதில்லை. பெரும்பாலும் ஒன்றும் மாறியிருக்காது, பேட்டரிதான் வீண். கோப்பு மாறினால் தானே தெரிவிக்க, லினக்ஸில் ஐநோட்டிஃபை என்ற வசதி இருக்கிறது. 2005-ல் 2.6.13 கெர்னலோடு வந்தது. அதற்கு முன்பிருந்த டிநோட்டிஃபையில், கண்காணிக்கும் ஒவ்வொரு கோப்புறையையும் திறந்தே வைத்திருக்க வேண்டும். அதனால் அந்தக் கோப்புறை பென் டிரைவில் இருந்தால், அதை முறையாகக் கழற்றக்கூட முடியாது.

ஐநோட்டிஃபையின் அழகே, அது நம் கையில் தருவது ஒரு சாதாரண ஃபைல் டிஸ்கிரிப்டர் என்பதுதான். நெட்வொர்க் சாக்கெட்டுகளோடு அதையும் சேர்த்து, எல்லாவற்றையும் ஒருசேரக் கவனிக்கும் ஈபோலிடம் ஒப்படைத்துவிட்டு நிரல் நிம்மதியாகத் தூங்கலாம். யாராவது கோப்பில் எழுதி மூடினால் கெர்னலே எழுப்பிவிடும். இதற்கென்று தனி த்ரெட் வேண்டாம். பெயர் மாற்றினால் பழைய பெயருக்கு ஒன்று, புதிய பெயருக்கு ஒன்று என இரண்டு செய்திகள். இரண்டும் ஒரே நிகழ்வு என்று காட்ட, இரண்டிலும் ஒரே எண். எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள்!

குறைகளும் உண்டு. உள்கோப்புறைகளுக்குள் ஐநோட்டிஃபை தானாக இறங்காது. செய்தி வரிசை நிரம்பி வழிந்தால் சில தொலைந்துபோகும். ஆனால் தொலைந்ததையும் அதுவே சொல்லிவிடும். அந்தச் செய்தி வரும்போது, தயவுசெய்து கோப்புறையை முதலிலிருந்து ஒருமுறை படித்துவிடுங்கள்.