சாய்ந்தும் ஒடுங்கியும் நிற்கும் எழுத்து

தலைப்புக்கும் விளம்பரத்துக்கும் உரிய அச்செழுத்துக்களுள் ஒருவகை வலப்பக்கம் சாய்ந்து, பக்கவாட்டில் ஒடுங்கி, கோட்டு முனைகளிற் சிறு பாதங்களை உடையதாய் அமைவது. உரோம எழுத்தில் அது விரைவும் நயமும் ஒருங்கே காட்டும். குறுகிய இடத்திற் பெரிய எழுத்தைப் பொறிக்கவும் உதவும். அவ்வழகைத் தமிழெழுத்திலும் அவ்வாறே பெறலாமோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

உரோம எழுத்தின் சாய்வு கையெழுத்திற் பிறந்தது. 1501ஆம் ஆண்டு வெனிசு நகரில் ஆல்டசு மனூசியசு, வெர்சில் என்னும் புலவரின் நூலைக் கையடக்கப் பதிப்பாக வெளியிட்டார். அதற்குரிய சாய்வெழுத்தை வெட்டியவர் பிரான்செசுக்கோ கிரிஃபோ. அஃது நிமிர்ந்த எழுத்தைத் தள்ளிச் சாய்த்ததன்று. இறகுப் பேனா விரைந்தோடிய வழியில் உருவான வேறு வடிவம். தமிழெழுத்தோ ஓலையில் எழுத்தாணியால் வளர்ந்தது. 1578இற் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானபோதும் நிமிர்ந்தே நின்றது. இன்று கணினியில் ஒரு விசையாற் பெறும் தமிழ்ச் சாய்வு பெரும்பாலும் நிமிர்ந்த எழுத்தைச் சரித்ததேயாம்.

இதன் விளைவைத் திருகோணமலை என்னும் நம் ஊர்ப்பெயரிலேயே காணலாம். துறைமுகத்தை அடுத்த வீதியொன்றிற் பலகை எழுதுவோன் மும்மொழிக்கும் ஒரே அகலம் ஒதுக்குகின்றான் எனக் கொள்வோம். தமிழிற் பெயர் ஆறெழுத்தே; எனினும் ‘கோ’ மூன்று துண்டாய் விரியும்; ணகரம் மூன்று சுழியோடு நீளும். ஒடுக்கும்போது முதலிற் கெடுவது சுழி. மூன்று சுழி இரண்டாகத் தோன்றின் ‘மணம்’ ‘மனம்’ ஆகும். இரட்டைச் சுழிக்கொம்பு அடைபடின் ‘கோடு’ ‘கொடு’ ஆகும். வீரமாமுனிவர் எழுத்தில் நிலைநாட்டிய குறில் நெடில் வேறுபாடு வீணாகும். சாய்க்கும்போதோ, ரகரத்தைக் காலினின்று பிரித்துக் காட்டும் அடிச்சாய்வு மற்றைச் சாய்வுகளுள் மறையும்.

உரோம அச்சிற் சாய்வு சொல்லுக்கு அழுத்தமும் தரும் என்பர். தமிழுக்கு அத்தேவை சிறிது. ‘இதுவே வழி’ என்னுமிடத்துத் தேற்றேகாரம் அப்பணியைச் செவ்வனே செய்துவிடுகின்றது.

அங்ஙனமாயின் இவ்வெழுத்தைத் தள்ளிவிடலாமோ? அன்று. நாடக விழா அறிவித்தலின் தலைப்பு, மலரின் முகப்பு, மீன்பிடிப் படகின் பக்கத்துப் பெயர் ஆகியவற்றில் அது பொருந்தும். ஆங்குச் சொல் ஓரிரண்டே, பெரும்பாலும் பழகிய சொல், எழுத்தும் பெரிது. காற்றை எதிர்க்கும் படகின் பெயர் சற்றுச் சாய்ந்திருத்தல் கண்ணுக்கு இனிதுமாம். எச்சரிக்கைப் பலகை, மருத்துவமனை வழிகாட்டி, பாடநூல் ஆகியவற்றுக்கு அது சிறிதும் ஏலாது. ஆங்கு ஒரு சுழி மறைந்தாற் கெடுவது அழகன்று, பொருள்.

ஆகவே தமிழுக்கு வேண்டுவது சரிக்கப்பட்ட எழுத்தன்று. சுழியைத் திறந்து வைத்து, புள்ளியைப் பெரிதாக்கி, ரகரத்தின் அடியைக் காத்து, முதலிலிருந்தே சாய்வாக வரையப்பட்ட எழுத்து. மலர்ப் பணியில் ஈடுபடும் மாணவர் தாம் தேர்ந்த தலைப்பைச் சுவரில் ஒட்டிப் பத்தடி தள்ளி நின்று படித்துப் பார்ப்பாராக. தயங்காது படிக்க முடியுமாயின் அத்தேர்வு நன்று. முடியாதாயின், எத்துணை நயமுடையதாயினும், அவ்வெழுத்து தன் கடமையிற் தவறியதேயாம்.