மோனோவாகவே கேளுங்கள்

சிவாஜி கணேசனின் முதலெழுத்துகளில் ஒன்று விழுப்புரம். அந்த விழுப்புரம் சின்னையா கணேசன் நடித்து 1958-இல் வந்த இரண்டு படங்கள் அமெரிக்க ராக் அண்ட் ரோலைத் தமிழ்ப் பாட்டுக்குள் கொண்டுவந்தன. ‘உத்தம புத்திர’னில் ஹெலன் ஆடும் ‘யாரடி நீ மோகினி’ ஒன்று. ‘பதிபக்தி’யில் விஸ்வநாதன் – ராமமூர்த்தி இசையில் ஜே.பி. சந்திரபாபு ராக் அண்ட் ரோல் என்று பெயர் சொல்லியே பாடியது இன்னொன்று. எல்விஸ் பிரெஸ்லியின் முதல் எல்.பி. வெளியானது 1956-இல். இரண்டே வருடத்தில் அந்தத் துள்ளல் சென்னை ஸ்டூடியோக்களுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

‘உத்தம புத்திர’னுக்கு இசை ஜி. ராமநாதன். 1944-இல் ‘ஹரிதா’ஸில் பாபநாசம் சிவனோடு வேலை செய்தவர், கர்நாடக ராகங்களை ஜனங்களின் வாயில் உட்காரவைத்தவர். அவரே இப்படியொரு மெட்டைப் போட்டார் என்பதுதான் இந்தப் பாட்டின் முதல் ருசி. டி.எம். சௌந்தரராஜனின் கனத்த குரல், அதைச் சுற்றி ஜிக்கி, ஜமுனா ராணி, ஏ.பி. கோமளா என்று மூன்று பெண் குரல்கள், நடுவே கைத்தட்டல். மூன்று பெண் குரல்களும் ஒன்றுபோல இருக்காது. ஒவ்வொன்றாக நுழையும்போது யார் என்று சட்டென்று தெரியும். தாளம் மேற்கத்தியத் துள்ளலாக இருந்தாலும் டி.எம்.எஸ். வார்த்தையை அழுத்தும் விதம் முழுக்க நம்முடையது. அந்தக் கலப்புக்காகத்தான் இந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம்.

அன்றைக்குக் குரலைத் தனியாகவும் வாத்தியத்தைத் தனியாகவும் எடுத்துப் பிறகு சேர்க்கும் வசதி கிடையாது. பாடுகிறவர்கள், கோரஸ், வாத்தியக்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே கூடத்தில் இருக்க வேண்டும். கடைசி அடியில் ஒருவர் தடுமாறினாலும் எல்லாரும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். யார் மைக்குக்குப் பக்கம், யார் தள்ளி என்பதுதான் மிக்ஸிங். அந்தக் கூடத்தின் இடைவெளியும், தப்பு விடக் கூடாது என்ற விறைப்பும் பதிவிலேயே இருக்கின்றன.

அமெரிக்காவின் மெம்பிஸிலும் இதே கதைதான். 1954 ஜூலையில் சன் ஸ்டூடியோவில் எல்விஸ் முதல் இசைத்தட்டுக்குப் பாடியபோது கூட இருந்தவை ஸ்காட்டி மூரின் கிதாரும் பில் பிளாக்கின் பேஸும்தான், டிரம்ஸே இல்லை. குரலை இன்னொரு டேப் மெஷின் வழியாகக் கண நேரம் பிந்தவிட்டு, துள்ளலான ஓர் எதிரொலியை உண்டாக்கினார் அந்த ஸ்டூடியோவை நடத்திய சாம் பிலிப்ஸ். கருவி குறைவாக இருந்ததால் காது கூர்மையாக இருந்தது.

நம் தமிழ்ப் பாட்டுகள் முதலில் வந்தவை நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் அரக்கு ரிக்கார்டுகளில். ஒரு பக்கத்தில் மூன்றரை நிமிடம் போல அடங்கும். பாட்டு நீளமென்றால் மறுபக்கம் திருப்ப வேண்டும். பிறகு எல்.பி., கேசட், சி.டி. என்று மறுபதிப்பு மேல் மறுபதிப்பு. 2017-இல் சரிகம நிறுவனம் பழைய பாட்டுகளை ஏற்றிய கார்வான் பெட்டியைக் கொண்டுவந்தது. அதன் தமிழ்ப் பதிப்பில் 5,000 பாட்டு. திண்டிவனம் பக்கம் மயிலம் பங்குனி உத்திரமானாலும், விழுப்புரத்தில் கல்யாணமானாலும், ரேடியோ செட்டுக்காரர் புனலைக் கட்டிவிட்டுப் போட்டதெல்லாம் இப்படி மறுபடி மறுபடி அச்சானவைதான். இந்தப் பாட்டுகள் பிறந்த வருடத்தில் பிறக்காதவர்களுக்கும் அவை சொந்தமானது இந்த மறுபதிப்புகளால்தான்.

ஆனால் மறுபதிப்பு எல்லாமே ஒன்றல்ல. ரிக்கார்டின் கரகரப்பைத் துடைக்கிறோம் என்று அளவுக்கு மீறி வடிகட்டினால், அதோடு சலங்கையின் சிணுங்கலும் கைத்தட்டலின் சுள்ளென்ற முனையும் போய்விடும். சுற்றும் வேகம் கொஞ்சம் கூடினால் டி.எம்.எஸ். குரல் மெலிந்துவிடும். இரண்டு பக்கமாக இருந்த பாட்டைச் சேர்க்கும்போது, ஒட்டிய இடத்தில் தாளம் ஒரு தட்டு தவறினால் அங்கே பாட்டே இடறும்.

இதையெல்லாம் விடக் கொடுமை, ஒரே தடத்தில் பதிவான மோனோவைப் போலி ஸ்டீரியோ ஆக்குவது. ஆர்.சி.ஏ. நிறுவனம் அறுபதுகளில் எல்விஸின் பழைய எல்.பி.க்களை அப்படித்தான் வெளியிட்டது. நடுவில் நெஞ்சுக்கு நேராக நின்ற குரல் இரண்டு பக்கமும் கலைந்து போனது. பின்னாளில் வந்த நல்ல பதிப்புகள் மோனோவுக்கே திரும்பின. பழைய தமிழ்ப் பாட்டின் மேல் புது டிரம் தாளத்தை ஒட்டிக் கொடுப்பதும் அதே தப்புதான். சந்திரபாபுவின் குரலில் இருக்கும் குதிப்புக்கு வெளியிலிருந்து தாளம் தேவையே இல்லை.

1975-இல் ரிச்சர்ட் வைஸ் ஜெர்மனியில் தொடங்கிய பேர் ஃபேமிலி நிறுவனம் பழைய ராக் அண்ட் ரோலையும் கன்ட்ரி இசையையும் மறுபதிப்புச் செய்வதில் பேர்பெற்றது. அதன் பெட்டிகளோடு வரும் தடித்த புத்தகத்தில் எந்தத் தேதியில் எந்த ஸ்டூடியோவில் யார் எந்த வாத்தியம் வாசித்தார்கள் என்பது வரை இருக்கும். நம் கேசட் அட்டைகளில் படத்தின் பெயரும் பாடகர் பெயரும் இருந்தாலே பெரிது. வயலின் வாசித்தவர், ட்ரம்பெட் ஊதியவர், கோரஸில் நின்றவர் யார் என்று யாரும் அச்சிடவில்லை. பல இடங்களில் கவிஞர் பெயர்கூடக் கிடையாது. அறுபது வருடமாக நம்மைத் தாளம் போடவைத்தவர்களுக்கு நாம் செய்திருக்கும் மரியாதை இவ்வளவுதான்.

பழைய பாட்டை மறுபடி வெளியிடுகிறவர்களிடம் கேட்பது மூன்றே மூன்று: மோனோவை மோனோவாகவே விடுங்கள், கரகரப்பைத் துடைக்கும் கையை அளவோடு வையுங்கள், வாசித்தவர்கள் பெயரைத் தேடிப் போடுங்கள். வாசகர்களிடம் ஒன்று: வீட்டுப் பரணில் அரக்கு ரிக்கார்டு கிடந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். நாளைய நல்ல மறுபதிப்பு ஒன்றுக்கு அந்தத் தட்டே மூலமாக இருக்கலாம்.