பேராயரின் இலச்சினையும் பேராயரின் வாழ்வும்: லூயி மத்தியாஸ் குறித்து ஒரு திறனாய்வு

திருச்சபைத் தலைவர்கள் தமக்கென ஓர் இலச்சினை வகுத்துக்கொள்ளும் மரபு கத்தோலிக்கத் திருச்சபையில் இன்றும் வழக்கிலிருக்கிறது. ஒருவர் ஆயராக அருட்பொழிவு பெறும் நாளில் கேடயம், தொப்பி, குஞ்சங்கள், சிலுவை, விருதுவாக்கு ஆகியவை அமைந்த சின்னமொன்று அழைப்பிதழின் முகப்பில் இடம்பெறுவதைக் காண்கிறோம். தருமபுரி மாவட்டத்தில் ஊழியஞ்செய்யும் நமக்கு இது புதிய காட்சியன்று. 1997ஆம் ஆண்டு சேலம் மறைமாவட்டத்தினின்று தருமபுரி மறைமாவட்டம் பிரிக்கப்பட்டபோது, சலேசிய சபையைச் சேர்ந்த ஜோசப் அந்தோணி இருதயராஜ் அதன் முதல் ஆயரானார். அச்சபையினர் தமிழ்நாட்டில் ஆற்றிய பணியை ஆராய்வோர் மற்றொரு சலேசியரை விட்டுவிட்டுச் செல்ல இயலாது. அவரே 1935 முதல் 1965 வரை சென்னையில் பேராயராக விளங்கிய லூயி மத்தியாஸ். அவரது விருதுவாக்கு இரண்டே வினைச்சொற்களால் ஆயது: துணிந்திடு, நம்பியிரு. இவ்விரு சொற்களை அளவுகோலாகக் கொண்டு அவரது வாழ்வை மதிப்பிடுவதும், அம்மதிப்பீடு நம் திருச்சபைகளிடம் எழுப்பும் வினாவைக் கேட்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லாட்சி பற்றி ஒரு குறிப்பு. தென்னிந்தியத் திருச்சபையில் பேராயர் என்றால் ஒரு பேராயத்தின் பிஷப்பைக் குறிக்கும். கத்தோலிக்கர் அவரை ஆயர் என்றே அழைப்பர். உயர் மறைமாவட்டத்தின் தலைவரையே பேராயர் என்பர். ஈண்டு கத்தோலிக்க வழக்கையே பின்பற்றுகிறோம்.

கேடயம் வந்த வழி

இலச்சினைக் கலையின் பிறப்பிடம் ஆலயமன்று, போர்க்களம். 12ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் முகத்தை மறைக்கும் தலைக்கவசம் அணிந்த வீரரை இன்னார் என அடையாளங்காணக் கேடயத்தின்மேல் எழுதப்பட்ட உருவங்கள் உதவின. நிலமும் ஆட்சியுரிமையும் பெற்றிருந்த ஆயர்கள் அதே வழக்கத்தைத் தம் முத்திரைகளில் ஏற்றுக்கொண்டனர். போர்வீரனின் தலைக்கவசம் இருந்த இடத்தில் அகன்ற விளிம்புடைய தொப்பி வந்தமர்ந்தது. நாளடைவில் அத்தொப்பியின் நிறமும் குஞ்சங்களின் எண்ணிக்கையும் பதவிப் படிநிலையைக் காட்டும் குறிகளாயின. ஆயருக்குப் பச்சைத் தொப்பியும் பக்கத்திற்கு 6 குஞ்சங்களும். பேராயருக்கு அதே பச்சையும் பக்கத்திற்கு 10 குஞ்சங்களும். கர்தினாலுக்குச் சிவப்புத் தொப்பியும் பக்கத்திற்கு 15 குஞ்சங்களும் உரியன. பேராயரின் கேடயத்திற்குப் பின்னே நிற்கும் சிலுவைக்குக் குறுக்குச் சட்டங்கள் இரண்டு.

ஆகவே ஓர் இலச்சினையில் இரு மொழிகள் பேசப்படுகின்றன. கேடயத்திற்கு வெளியே உள்ளவை பதவியின் மொழி. அவற்றை மாற்றத் தனிமனிதருக்கு உரிமையில்லை. கேடயத்தின் உள்ளே வரையப்படுவனவும் விருதுவாக்கும் மனிதரின் மொழி; அவற்றை அவரே தெரிந்துகொள்கிறார். ரோமாபுரியும் இவ்வேறுபாட்டை ஓரளவு உணர்ந்தே செயற்பட்டது. 1951இல் பிரபுத்துவப் பட்டங்களும் மகுடங்களும் ஆயர்களின் இலச்சினைகளிலிருந்து விலக்கப்பட்டன. 1969இல் ஆயர் முடியும் செங்கோலும் நீக்கப்பட்டன. தொப்பியும் குஞ்சங்களும் எஞ்சின.

மனிதரின் மொழியும் எளிதில் விளங்குவதன்று. புவனஸ் ஐரிஸ் பேராயராயிருந்த பெர்கோலியோ 2013இல் போப்பாண்டவரானபோது தம் பழைய இலச்சினையையே பெரும்பாலும் வைத்துக்கொண்டார். யோசேப்பைக் குறிக்க அவர் அமைத்திருந்த நளத மலரைப் பலர் திராட்சைக்குலை எனப் படித்தனர். விளக்கவுரையின்றி நிற்கவியலாத குறியீடு, கற்றோர் வட்டத்திற்குள்ளேயே அடைபட்டுவிடும்.

எனினும் நாம் இதனை எள்ளி ஒதுக்க முடியாது. லூத்தரும் ஒரு முத்திரை வைத்திருந்தார். செவ்விதயத்துள் கருஞ்சிலுவை, அதனைச் சூழ வெண்ரோஜா, நீலப் பின்புலம், பொன்வளையம் என்று அமைந்த அதன் பொருளை 1530இல் ஒரு கடிதத்தில் அவரே விளக்கினார். அதில் பதவியின் மொழி இல்லை. தம் இறையியலின் சுருக்கம் அது என்றே அவர் கருதினார். தென்னிந்தியத் திருச்சபையும் தாமரையையும் சிலுவையையும் இணைத்துச் சின்னம் அமைத்து, எல்லாரும் ஒன்றாயிருக்க வேண்டும் என்ற ஆண்டவரின் வேண்டுதலை விருதுவாக்காகக் கொண்டது. சின்னம் வேண்டுமா, வேண்டாமா என்பது நம் வினா அன்று. சின்னத்தை எதனால் அளப்பது என்பதே வினா.

அவ்வையின் அளவுகோல்

தகடூர் எனப் பழம்பெயர் பெற்ற இத்தருமபுரி மண்ணிலேயே அதற்கு விடையுண்டு. தகடூர் மன்னன் அதியமானின் தூதராகக் காஞ்சித் தொண்டைமானிடம் அவ்வையார் சென்றார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையுடன் காட்டினான். அங்கிருந்தவை மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்று, காவலுடைய மனையில் பொலிந்தன. எம் மன்னனின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் பட்டறையில் கிடக்கின்றன என்றார் அவ்வையார். புகழ்வது போன்ற இகழ்ச்சியும் இகழ்வது போன்ற புகழ்ச்சியும் அங்கே ஒருங்கே அமைந்தன.

போரை நாம் போற்றவில்லை. அளவுகோலையே கடன் வாங்குகிறோம். படைக்கலத்தின் மதிப்பு அதன் அணியில் இல்லை; பயன்பட்டுத் தேய்ந்ததில் இருக்கிறது. எபேசியருக்கு எழுதிய நிருபம் கூறும் விசுவாசக் கேடகமும் அம்புகளைத் தாங்குவதற்கே கொடுக்கப்பட்டது. ஓர் ஆயரின் கேடயத்தைக் கண்டால், அதில் என்ன வரையப்பட்டிருக்கிறது என்பதோடு நின்றுவிடாமல், அது எங்கே அடிபட்டிருக்கிறது என்றும் நாம் கேட்க வேண்டும்.

துணிவின் கணக்கு

மத்தியாஸ் 1887இல் பாரிஸ் நகரில் பிறந்தவர். முதல் உலகப்போரின்போது அசாமில் பணியாற்றிய ஜெர்மானியக் குருக்கள் வெளியேற நேர்ந்தமையால் அப்பணிக்களம் தனித்து விடப்பட்டிருந்தது. அதனை ஏற்க அனுப்பப்பட்ட சலேசியக் குழுவிற்குத் தலைமை தாங்கி 1922 ஜனவரியில் அவர் ஷில்லாங் சேர்ந்தார். தலைவரோடு சேர்த்து அக்குழுவினர் 11 பேரே. 1934இல் ஷில்லாங் மறைமாவட்டமாக உயர்ந்தபோது அவரே அதன் முதல் ஆயர். மறு ஆண்டே, சலேசியரான மெடர்லெட் பேராயர் மறைந்ததால் வெற்றிடமாயிருந்த சென்னைக்கு அவர் மாற்றப்பட்டார்.

சென்னையில் அவரது துணிவு பல வடிவங்களில் வெளிப்பட்டது. அவற்றுள் இறையியல் மாணவர் கவனிக்கத்தக்கது, வந்த மறு ஆண்டே, அதாவது 1936இல், பூவிருந்தவல்லியில் திரு இருதயக் குருமடத்தை அவர் நிறுவியமை. புதிய இடத்திற்கு வரும் தலைவர் கண்ணுக்குத் தெரியும் கட்டடங்களையே முதலில் நாடுவது இயல்பு. குருமடத்தின் பலனோ பத்தாண்டுகள் கழித்தே தெரியவரும். அங்கே துணிவும் நம்பிக்கையும் ஒரே செயலில் இணைந்து நின்றன எனலாம்.

அவர் காலத்தில் நிகழ்ந்த மற்றொரு மாற்றம் 1952ஆம் ஆண்டிற்குரியது. மயிலை மறைமாவட்டம் 1606 முதல் போர்த்துக்கீசியப் பாதுகாப்புரிமையின் கீழ் இருந்துவந்தது. ஒரே நகரில் போர்த்துக்கீசிய முடியுரிமைக்கு உட்பட்டதோர் ஆட்சியும், ரோமாபுரிக்கு நேரே உட்பட்டதோர் ஆட்சியுமாக இரு கத்தோலிக்க அதிகாரங்கள் அருகருகே நின்றன. 1950இல் மயிலை முதலிய இடங்களுக்கு ஆயரை முன்மொழியும் உரிமையைப் போர்த்துக்கல் விட்டுக்கொடுத்தது. 1952 நவம்பரில் இரண்டும் இணைந்து சென்னை-மயிலை உயர் மறைமாவட்டமாயின. மத்தியாஸ் அதன் முதல் பேராயரானார். இதற்கு 5 ஆண்டுகள் முன்னரே, 1947 செப்டம்பர் 27 அன்று, அதே நகரின் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. 1919ஆம் ஆண்டுத் தரங்கம்பாடி அறிக்கை தொடங்கி ஏறத்தாழ 28 ஆண்டுகள் பேசித் தீர்த்த ஐக்கியம் நம்முடையது. மேலிருந்து வந்த ஆணையால் நிறைவேறியது அவர்களுடையது. எது மேலானது என்று பெருமை பேசுவதற்காக இதனைக் கூறவில்லை. அந்நிய முடியின் நிழலில் பிரிந்து நின்ற கிறிஸ்தவர்களை ஒன்றாக்கும் கட்டாயம் விடுதலை பெற்ற இந்தியாவில் இரு திருச்சபைகளையும் ஒரே பத்தாண்டில் நெருக்கிற்று என்பதே நாம் காண வேண்டியது.

சோதோம் அரசனின் சொல்

மத்தியாஸின் விருதுவாக்கிற்குப் பின்னே அவரது சபையின் விருதுவாக்கு நிற்கிறது. ஆன்மாக்களை எனக்குத் தாரும், மற்றவற்றை எடுத்துக்கொள்ளும் என்பது அதன் கருத்து. தொன் போஸ்கோ இதனைத் தம் அறையில் எழுதி வைத்திருந்தார். அச்சபையின் இலச்சினையில் விசுவாசத்திற்கு விண்மீனும், நம்பிக்கைக்கு நங்கூரமும், அன்பிற்கு எரியும் இதயமும் இடம்பெற்றுள்ளன.

ஆனால் வேதபாடம் கற்ற நாம் அச்சொற்களின் இடத்தைத் தேடிப் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம். ஆதியாகமம் 14:21இல் அவை வருகின்றன. பேசுபவன் சோதோமின் ராஜா. போரில் மீட்கப்பட்ட மக்களைத் தனக்குத் தருமாறும், கொள்ளைப் பொருளை ஆபிராமே வைத்துக்கொள்ளுமாறும் அவன் பேரம் பேசுகிறான். எபிரெய மூலத்தில் உள்ள நெஃபெஷ் என்னும் சொல் ஈண்டு ஆட்களைக் குறிக்கும். லத்தீன் மொழிபெயர்ப்பு அதனை ஆன்மாக்கள் என்று பொருள்படும் சொல்லால் தந்தமையால், அரசனின் பேரம் ஊழியனின் ஜெபமாக உருமாறிற்று.

இதனைக் காட்டித் தொன் போஸ்கோவின் பக்தியைக் குறைகூறுவது நம் கருத்தன்று. கடவுளை நோக்கிய வேண்டுதலாகவே அவர் அதனைக் கொண்டார். எனினும் வசனத்தை அதன் இடத்தில் வைத்துப் படித்தால் ஊழியருக்கு இன்னும் ஆழமான பாடம் கிடைக்கிறது. அடுத்து வரும் ஆபிராமின் மறுமொழியே அது. ஒரு நூலையாகிலும் பாதரட்சையின் வாரையாகிலும் எடுத்துக்கொள்ளேன் என்று அவர் கையை உயர்த்தி ஆணையிடுகிறார். மக்களை எனக்குத் தா என்று கேட்பவன் அரசன். ஒன்றும் எனக்கு வேண்டா என்று சொல்பவனே விசுவாசத்தின் தகப்பன். ஆன்மாக்களைத் தேடும் ஊழியத்திலும் ‘எனக்கு’ என்னும் சொல் நுழைந்துவிடக்கூடும். சபை என்னுடையது, பள்ளி என்னுடையது, பேராயம் என்னுடையது என்று எண்ணத் தொடங்கும் நாளில், சோதோம் அரசனின் சொல்லை நாமும் அறியாமலே ஒப்பிக்கிறோம்.

இருக்கை என்னும் சோதனை

இங்கேதான் மத்தியாஸ் குறித்த நம் மதிப்பீடு இரு கூறாகிறது. அவர் காலத்தில் சென்னையின் நிலப்பரப்பு பகிர்ந்தளிக்கப்பட்டது. 1940இல் குண்டூர் பிரிந்தபோது தெலுங்கரான தாமஸ் பொத்தகாமூரி அதன் ஆயரானார். 1952இல் வேலூர் தனி மறைமாவட்டமாயிற்று. இந்தியரான சலேசியர் பாப்லோ மரியசெல்வம் அதன் முதல் ஆயர். மறைமாவட்டங்களை அமைப்பதும் ஆயரை நியமிப்பதும் ரோமாபுரியின் அதிகாரமே என்றாலும், தம் எல்லை சுருங்குவதை ஏற்று நிற்பதும் ஒரு தலைவருக்கு எளிதன்று. இது அவரது நம்பிக்கையின் பக்கம்.

ஆனால் சென்னைப் பேராயரின் இருக்கையோ 30 ஆண்டுகள் அவரிடமே இருந்தது. இதே காலத்தில் பம்பாயில் நடந்ததை அருகே வைத்துப் பார்ப்போம். ஆங்கிலேய யேசுசபையினரான தாமஸ் ராபர்ட்ஸ் 1937இல் பம்பாயின் பேராயரானார். இந்தியர் ஒருவர் தலைமையேற்க வேண்டும் என்று கருதிய அவர், தம் துணை ஆயர் வலேரியன் கிராசியஸ் பொறுப்பேற்றுப் பழக இடங்கொடுத்து 1946இல் இந்தியாவை விட்டு நீங்கினார். 1950இல் பதவியைத் துறந்தார். கிராசியஸ் பேராயரானார், 1953இல் இந்தியாவின் முதல் கர்தினாலும் ஆனார். அதற்கு முன்னரே 1912இல் அசரியா தோர்ணக்கல்லிலும், 1923இல் ரோச் தூத்துக்குடியிலும் இந்தியத் தலைமை இயலும் என்று காட்டியிருந்தனர். சென்னையிலோ மத்தியாஸ் 1965 ஆகஸ்டில், 78ஆம் வயதில், இத்தாலியில் மறைந்த பின்னரே இருக்கை வெற்றிடமாயிற்று. வத்திக்கான் சங்கத்தின் இறுதி அமர்வு அடுத்த மாதம் தொடங்கவிருந்தது. 1966இல் அருளப்பா பேராயரானார்.

ஆயர்கள் 75ஆம் வயதில் பதவிவிலகல் கடிதம் அளிக்கும் ஒழுங்கு அச்சங்கத்தின் விளைவாகவே வந்தது. ஆதலால் அக்கால நியதிப்படி மத்தியாஸ் தவறியவரல்லர். ஆயினும் நாம் அவரை அளப்பது நியதியால் அன்று. அவரே தெரிந்துகொண்ட இரு வினைச்சொற்களால். புதிய களம் புகுவதில் துணிவு வேண்டும். கட்டியெழுப்பிய களத்தைப் பிறர் கையில் விட்டு விலகுவதில் அதனினும் பெரிய துணிவு வேண்டும். அதுவே நம்பிக்கையின் இறுதித் தேர்வு. முதலாவதில் அவரது கேடயம் அடிபட்டுத் தேய்ந்தது. இரண்டாவதில் அது நெய் பூசப்பெற்றே இருந்தது என்பது நம் துணிபு.

நம் மேசைக்கு வரும் வினா

இத்தீர்ப்பை அயலாருக்கு மட்டும் உரியதாக நிறுத்திக்கொள்ளலாகாது. ரோமாபுரியில் வயது ஒழுங்கேனும் தெளிவாக வந்தது. நம் திருச்சபைகளிலோ தேர்தல்களும், பதவிக்கால நீட்டிப்புக் கோரிக்கைகளும், அவற்றைத் தொடரும் நீதிமன்ற வழக்குகளும் யாவரும் அறிந்தவை. எல்லாரும் ஒன்றாயிருக்க வேண்டும் என்ற வாக்கு பொறித்த தாளிலேயே ஒருவர்மேல் ஒருவர் தொடுக்கும் வழக்கிற்கான கடிதங்கள் எழுதப்படுகின்றன. தலைவருக்குத் தனிக்கேடயம் இல்லாமையால் நாம் தூயவராகிவிடவில்லை. தனிமனிதரின் விருதுவாக்கு அவரொருவரையே தீர்க்கும். திருச்சபையின் விருதுவாக்கோ நம் அனைவரையும் தீர்க்கும்.

கிராமச் சபையில் பணியாற்றும் குருவுக்கும் இது பொருந்தும். தாம் கட்டிய சிற்றாலயத்தையும் தாம் தொடங்கிய பள்ளியையும் மாற்றல் ஆணை வந்த நாளில் மனநிறைவோடு ஒப்படைக்கக் கூடுமா? தாம் பயிற்றுவித்த இளம் ஊழியர் தம்மிலும் நன்றாகச் செய்வதைக் கண்டு மகிழக் கூடுமா? அதியமானை நாம் நினைவுகூர்வது அவன் வேலுக்காக மட்டுமன்று. நீண்ட வாழ்நாள் தரும் நெல்லிக்கனியைத் தானுண்ணாமல் அவ்வைக்குக் கொடுத்ததற்காகவும் ஆகும்.

அருட்பொழிவு பெறவிருக்கும் மாணவர் தமக்கென ஒரு விருதுவாக்கைத் தெரிந்துகொள்வதை நாம் தடை செய்யோம். ஆனால் அதனை எழுதுமுன், அச்சொல் எதனைக் கட்டச் சொல்கிறது என்பதோடு எதனை விட்டுக்கொடுக்கச் சொல்கிறது என்பதையும் ஆராய்ந்து தெளிக. தமக்கிருந்த மேன்மையைப் பற்றிக்கொள்ளாமல் தம்மை வெறுமையாக்கினவரே நம் தலைவர். அவர் பெயரால் எழுதப்படும் எந்த விருதுவாக்கும் அவ்வெறுமையின் அளவுக்கே உண்மையாகும்.