சிம்பல் இல்லாத மேளம்

வேடிக்கைக் குழுக்களை இசை வரலாறு அடிக்குறிப்பில் தள்ளிவிடும். சிரிக்க வைத்தவர்கள் இசையை விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்ற எண்ணமே காரணம். கனடாவின் மொன்றியல் நகரத்தின் 1980கள் இதற்கு எதிர்ச்சாட்சி. 1983 இலங்கைக் கலவரத்துக்குப் பிறகு ஈழத் தமிழர் பலர் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் வீடு பிடித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே நகரத்தின் மேடைகளில் ஜெரார்ட் வான் ஹெர்க், டோனி டிவால்ட் என்ற இருவர் டெஜா வூடூ என்ற பெயரில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். கிட்டாரில் நான்கே தந்தி. டிரம்ஸில் சிம்பல் என்ற உலோகத் தட்டு கிடையாது. பேஸ் கிட்டார்க்காரரும் கிடையாது. பங்க் இசையின் முரட்டு வேகம், பழைய ராக்கபிலி, பேய்ப்பட நையாண்டி எல்லாம் ஒரே சட்டியில் கிண்டப்பட்டன. நகைச்சுவை இங்கே பாட்டின் வரிகளில் மட்டும் இல்லை, வாத்தியங்களைக் குறைத்துக்கொண்ட விதத்திலேயே இருக்கிறது என்பதுதான் என் வாதம்.

ராக் இசையில் சிம்பல் சத்தத்துக்கு மினுக்கம் தருகிறது. பல்லவி வந்துவிட்டது என்று அறிவிப்பதும் அதுதான். அதை எடுத்துவிட்டால் மேளம் தொம் தொம் என்று தரையோடு நகரும். உச்சம் வரும் என்று காத்திருக்கும் காதுக்கு அது வராமலே போகும். ஏமாற்றப்பட்ட அந்தக் காத்திருப்பில்தான் சிரிப்பு பிறக்கிறது. கையில் இருப்பது போதாது என்று புலம்பாமல் போதாமையையே சட்டமாக்கிக்கொண்டார்கள். அதற்குக் கட்டுப்பாடு வேண்டும், சோம்பேறிகளால் முடியாது.

இதெல்லாம் அமெரிக்கச் சரக்கு, கலிபோர்னியக் கடற்கரைக்கும் பனி நகரத்துக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். ஆனால் அந்தக் கடற்கரையின் கிட்டார் இசையான சர்ஃப், பிறந்த நாளிலிருந்தே இரவல்தான். 1962இல் கிட்டார்க் கலைஞர் டிக் டேல் பதிவுசெய்த ‘மிசிர்லூ’ கிழக்கு மத்தியதரைக் கடலோரத்தின் பழைய மெட்டு. அவருடைய தந்தை வழி லெபனான். ‘சர்ஃபின் பேர்ட்’ பாட்டை 1963இல் தந்த டிராஷ்மென் குழுவின் ஊர் மினியாபோலிஸ். கடலே இல்லாத, மொன்றியலைப் போலவே உறைந்துபோகிற ஊர். அந்தப் பாட்டை 1977இல் ராமோன்ஸ் என்ற பங்க் குழு எடுத்துப் பாடியபோது பங்கும் சர்ஃபும் கோமாளித்தனமும் ஒன்றுசேர்ந்தன. ஆக, இந்தக் கலப்பு குளிர்ப்பிரதேசத்தின் வழியாகவே வந்திருக்கிறது. டொராண்டோவின் ஷாடோவி மென் குழுவினர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: தாங்கள் சர்ஃப் குழு இல்லை என்பதைக் கெட்ட வார்த்தையோடு சொல்லும் தலைப்பை, வரிகளே இல்லாத ஒரு மெட்டுக்குச் சூட்டினார்கள்.

சிரிப்பு சீக்கிரம் பழசாகிவிடும் என்ற மறுப்புக்குத்தான் வலு அதிகம். நேற்றைய அரசியல்வாதியைக் கிண்டல் செய்த பாட்டை இன்று யாரும் கேட்பதில்லை. ஆனாலும் நம்மவர்களே ஈழத்துப் பாடகர் நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’யைக் கல்யாண வீடுகளில் இன்னும் பாடுகிறார்கள். கேலியின் பொருளை அறியாத பிள்ளைகளும் அதன் பைலாத் துள்ளலுக்குக் கால் போடுகிறார்கள். உள்ளடக்கத்தில் மட்டும் இருக்கும் கேலி செத்துவிடும். தாளத்தில் ஏறிய கேலி தப்பித்துக்கொள்ளும். டெஜா வூடூவின் கடைசி வெளியீடுகளில் ஒன்று ஹெல்சிங்கியில் பதிவான மேடைக் கச்சேரி. கனடாவின் உள்ளூர்க் கிண்டல் பின்லாந்து ரசிகருக்கு எவ்வளவு எட்டியிருக்கும்? சிம்பல் இல்லாத மேளத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

சிறு கூட்டத்தின் அபிமானம் சாதனையா என்றும் கேட்பார்கள். விற்பனையை வைத்து அளந்தால் இல்லை. ஆனால் இந்த இருவரும் ஓஜி மியூசிக் என்ற நிறுவனத்தை நடத்தி, ‘இட் கேம் ஃப்ரம் கனடா’ என்ற தொகுப்பு வரிசையில் நாடெங்கிலும் இருந்த பெயர் தெரியாத குழுக்களுக்கு இடம் கொடுத்தார்கள். பிளின்ட்ஸ்டோன்ஸ் கார்ட்டூனிலிருந்து பெயரெடுத்த மொன்றியலின் குரூசம்ஸ் குழுவின் இசைத்தட்டுகளும் அங்கிருந்தே வந்தன. 1990இல் டெஜா வூடூ கலைந்தது. வான் ஹெர்க் பின்னாளில் நியூஃபவுண்ட்லாந்தின் மெமோரியல் பல்கலைக்கழகத்தில் சமூகமொழியியல் பேராசிரியரானார். சாதாரண மனிதர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதை ஆராயும் துறை அது.