பிப்ளியோடிராமா: வேதத்தை நடித்துப் பார்த்தல்

பிப்ளியோடிராமா என்பது விவிலியப் பகுதி ஒன்றைக் குழுவாக வாசித்து, அதிலுள்ள பாத்திரங்களாக நின்று பேசிப் பார்த்து, பின்னர் அந்த அனுபவத்தைக் கூடி அமர்ந்து பகிர்ந்துகொள்ளும் முறை. இதில் பார்வையாளர் கிடையாது. மனப்பாட வசனமும் ஒத்திகையும் கிடையாது. ஜேகப் லெவி மொரேனோ (1889–1974) உருவாக்கிய உளநாடகம் இதன் வேர்களில் முக்கியமானது. ஜெர்மனியில் மார்பர்க் பல்கலைக்கழக இறையியலாளர் கெர்ஹார்ட் மார்செல் மார்ட்டினும் அமெரிக்காவில் பீட்டர் பிட்செலும் இதை வெவ்வேறு வழிகளில் வளர்த்தெடுத்தனர். மார்ட்டினின் நூல் 1995-லும் பிட்செலின் ‘ஸ்கிரிப்சர் விண்டோஸ்’ 1998-லும் வெளிவந்தன.

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், புதுக்கடை வட்டாரம் போன்ற ஒரு சூழலில், வீட்டுத் திண்ணையில் கூடும் ஒரு சிறு குழு இம்முறையைக் கையாண்டால் என்ன கிடைக்கும், என்ன கெடும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

வெள்ளை நெருப்பு

தோரா வெள்ளை நெருப்பின்மேல் கறுப்பு நெருப்பால் எழுதப்பட்டது என்பது யூத மரபில் உள்ள பழைய கருத்து. கறுப்பு நெருப்பு எழுத்து. வெள்ளை நெருப்பு எழுத்துகளுக்கு இடையிலான வெளி. பிட்செல் தன் முறைக்கு அடிப்படையாக இதையே எடுத்துக்கொள்கிறார். மூலம் சொல்லாமல் விட்ட இடத்தில் வாசகன் நுழைகிறான்.

தொடக்கநூல் 21-ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் அதிகாலையில் எழுந்து, அப்பமும் தண்ணீர்த் துருத்தியும் கொடுத்து ஆகாரையும் அவள் மகனையும் அனுப்பிவிடுகிறார். அப்போது சாரா எங்கே நின்றாள் என்று நூல் சொல்லவில்லை. நடத்துநர் குழுவை நோக்கி, “சாரா, நீ இப்போது எங்கே நிற்கிறாய்?” என்று கேட்கிறார். யாரும் ‘நான்’ என்று தொடங்கிப் பதில் சொல்லலாம். ஒருத்தி கூடாரத்துக்குள் இருக்கலாம், இன்னொருத்தி அவர்கள் போவதை மறைந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். ஒரே குழுவில் ஐந்து சாராக்கள் இருக்கலாம். நடத்துநருக்கு வேலை இரண்டு. சொல்லப்பட்டதை அதே குரலில் எதிரொலித்து ஆழப்படுத்துவது ஒன்று, மேலும் கேட்பது மற்றொன்று. முடிவில் எல்லோரும் பாத்திரத்தைவிட்டு வெளியே வந்து, தங்களுக்கு நேர்ந்ததைப் பேசி, மறுபடியும் மூலத்துக்குத் திரும்புவார்கள்.

மெதுவாக வாசிக்க வைப்பதே இம்முறையின் முதல் பலன். நூறு முறை கேட்ட பகுதியில் கேட்காமல்விட்ட சொல் ஒன்று இருப்பது அப்போதுதான் தெரிகிறது. பலவீனமும் அதே இடத்தில் இருக்கிறது. ஆகார் ஓர் அடிமை. அவளுடைய உடலும் பிள்ளையும் எசமானியின் உடைமை என்ற அன்றைய சமூக நிலை விளக்கப்படாவிட்டால், தமிழ்க் குழு ஒன்றின் நடுவே அந்தக் கதை பத்து நிமிடத்தில் சக்களத்திச் சண்டையாகிவிடும். உணர்ச்சி கூடும், வரலாறு போய்விடும். உளவியலில் பிறந்த முறை என்பதால் இந்தச் சாய்வு அதனுள்ளேயே இருக்கிறது.

ஏற்கனவே இருப்பவை

கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியம் என்ற அடித்தளக் குழு உண்டு. கோட்டாறு மறைமாவட்டத்திலிருந்து 2014-ல் பிரிக்கப்பட்ட குழித்துறை மறைமாவட்டத்தின் பங்குகளிலும் அது இயங்குகிறது. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சில ஒரு வீட்டில் கூடி, வாசித்து, மௌனமாக இருந்து, மனதில் தைத்த சொல்லைச் சொல்லி, பகிர்ந்து, ஒரு செயலை முடிவு செய்து, செபித்துக் கலைவது வழக்கம். இந்த ஏழு படி முறை தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்தில் உருவாகி ஆசியத் திருச்சபைகளுக்கு வந்தது.

இன்னொரு பக்கம் நடிப்பு இருக்கிறது. புனித வெள்ளியன்று தெருவில் நடத்தப்படும் சிலுவைப்பாதை, இடைக்காட்டூர் போன்ற ஊர்களின் பாஸ்கா, ஈழத்தில் நீ. மரியசேவியர் அடிகள் 1965-ல் தொடங்கிய திருமறைக் கலாமன்றத்தின் திருப்பாடுகளின் நாடகங்கள் என்று இதற்கு நீண்ட வரிசை உண்டு.

ஆனால் அன்பியத்தில் பகிர்வு உண்டு, வேடம் இல்லை. பாஸ்காவில் வேடம் உண்டு, கேள்வி இல்லை. யூதாசாக நடித்தவரிடம் முப்பது வெள்ளிக்காசைக் கையில் வாங்கியபோது என்ன நினைத்தீர்கள் என்று அடுத்த நாள் யாரும் உட்காரவைத்துக் கேட்பதில்லை. பகிர்வும் பலநேரம் கடந்த ஞாயிறு மறையுரையின் மறுபதிப்பாகவே முடிகிறது. பிப்ளியோடிராமா இவ்விரண்டையும் இணைக்கிறது என்பதால் இங்கு அதற்கு நியாயமான இடம் இருக்கிறது.

எந்தத் தமிழில் பேசுவது

செபக்கூட்டத்தில் எழுந்து பேசும்போது குமரிக்காரர் குரல் மாறிவிடும். ‘எனக்க’, ‘ஒனக்க’ என்று பேசுபவர் ‘என்னுடைய’, ‘உம்முடைய’ என்று ஆகிவிடுவார். வேதத்தமிழ் மரியாதையின் மொழி. அதில் சந்தேகத்தையோ கோபத்தையோ சொல்வது கடினம்.

மத்தேயு 20-இல் வரும் திராட்சைத் தோட்ட வேலையாட்களை எடுத்துக்கொள்ளலாம். விடியலில் வந்தவனுக்கும் கடைசி ஒரு மணி நேரம் மட்டும் வேலை செய்தவனுக்கும் ஒரே கூலி. இறைவனின் தாராளம் என்ற விளக்கத்தைக் கேட்டு எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆனால் இங்கே அண்டி ஆபீஸ் எனப்படும் முந்திரி ஆலைகளில் வேலை செய்யும் பெண்கள் பலர். அண்டி உடைப்பவர்களுக்கு எடைக்கணக்கில் கூலி. அப்படிப்பட்ட ஒருவர் விடியலில் வந்த கூலியாளாக நின்று, அன்று இரவு வீட்டில் என்ன சொல்லியிருப்பார் என்று பேசத் தொடங்கினால், அது வேதத்தமிழில் வராது. கடைசி மணி நேரம்வரை சந்தையில் யாரும் கூப்பிடாமல் நின்றவனின் பேச்சும் வேதத்தமிழில் வராது. இருவரும் தங்கள் மொழியில் மோதும்போதுதான் அந்த உவமையின் கூர்மை தெரியும்.

மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940–2005) இசை வழியாகச் செய்ததும் ஏறத்தாழ இதுதான். பறட்டை என்ற பெயரில் அறியப்பட்ட அவர் வழிபாட்டை நாட்டார் இசைக்கும் கிராமப் பேச்சுக்கும் கொண்டுவந்தார். நாட்டார் பாடலை மக்கள் தங்கள் தேவைக்கேற்ப மாற்றிப் பாடலாம் என்பது அவருக்கு முக்கியம். பிப்ளியோடிராமாவைத் தமிழில் பேசுபவர்கள் மொரேனோவுக்குப் போவதற்கு முன் அப்பாவுவைப் படிக்கலாம்.

அயலார் முன்

பெரிய சிக்கல் வேறு. மேற்கத்திய நாடுகளில் இம்முறை பெரும்பாலும் பயிலரங்குகளில் வளர்ந்தது. அங்கே பலர் ஒருவருக்கொருவர் அந்நியர். வேடத்துக்குள் நின்று சொன்னதை அங்கேயே விட்டுவிட்டுப் போகலாம். அன்பியத்தில் இருப்பவர்கள் அண்டைவீட்டார். கணவன் விட்டுப்போன பெண் ஆகாராகப் பேசினால் அது ஆகாரின் பேச்சு என்று அங்கே யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஊதாரி மைந்தனின் அண்ணனாக ஒருவர் பேசினால், அவர் வீட்டுப் பாகப்பிரிவினை எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ‘வேடம் பாதுகாப்பு’ என்ற அடிப்படை நம்பிக்கை இங்கே செல்லுபடியாகாது. அடுத்த நாள் காலையில் கிணற்றடியிலும் பஸ் நிறுத்தத்திலும் அந்தப் பேச்சு தொடரும். சாதியும் இதில் கலக்கிறது. யாரை இயேசுவாகவும் யாரைத் தொழுநோயாளராகவும் நிறுத்துகிறோம் என்பதை ஊர் கவனிக்கும்.

இந்தச் சிக்கலை வடதமிழகத்தின் திரௌபதி அம்மன் விழா வேறு வகையில் தீர்த்து வைத்திருக்கிறது. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து, இறுதியில் படுகளமும் தீமிதியும். ஊர் முழுவதும் பாரதத்துக்குள் வாழும் விழா அது. ஆனால் துகிலுரிதலில் துச்சாதனன் வேடம் கட்டுபவர் பெரும்பாலும் பயின்ற கூத்துக்கலைஞர், அயலூர்க்காரர். திரௌபதியின் துகிலைப் பிடிக்கும் முன் அவர் ஆட்டத்தை நிறுத்தி, கற்பூரம் ஏற்றி, அம்மனிடம் மன்னிப்புக் கேட்பார். செய்யப்போவது வேடத்தின் செயல், தன் செயல் அல்ல என்று ஊரறியச் சொல்லிவிட்டுத்தான் தொடர்வார். நடுவில் கட்டியங்காரன் புகுந்து கேலியும் கேள்வியுமாகக் கதையைத் தளர்த்துவான். வேடத்துக்குள் போகவும் வெளியே வரவும் கண்ணுக்குத் தெரியும் ஒரு வாசல் அங்கே இருக்கிறது.

பிட்செலின் முறையிலும் வேடம் களைதல் உண்டு. ஆனால் அது வட்டமாக அமர்ந்து சொல்லும் சில சொற்கள் மட்டுமே. அண்டைவீட்டார் குழுவுக்கு அது போதாது. இங்கே நடத்துபவர் குடும்பக் காயங்களைத் தொடும் பகுதிகளைத் தொடக்கத்திலேயே எடுக்காமலிருப்பது நல்லது. ஒரு பாத்திரத்தை ஒருவரிடமே விடாமல் நாலைந்து பேரைப் பேசவைக்கலாம். கானா ஊர்த் திருமணத்தின் கல்தொட்டியாகவோ, ஆகார் சுமந்த துருத்தியாகவோ நின்று பேசச் சொன்னால் கூச்சம் குறையும். பொருளின் குரலில் சொன்னதை ஊர்வம்பாக்குவது அவ்வளவு எளிதல்ல. நடத்துபவர் பங்குத்தந்தையாக இருந்தால் குழு அவருக்குப் பிடித்த விடையைத் தேடத் தொடங்கும். அவர் வட்டத்துக்குள் வந்து, தானும் ஒரு கல்தொட்டியாக உட்காரலாம்.