‘விசிசி’ மட்டும் போதாது

ஹைதராபாத் ராயதுர்கத்தில் 2023 மார்ச் 2 அன்று டி-ஒர்க்ஸ் திறக்கப்பட்டது. மாதிரிக் கருவிகளைச் செய்து பார்ப்பதற்கென்றே தெலங்கானா அரசு அமைத்த கூடம் அது. 1967 முதல் ஈசிஐஎல் நிறுவனம் மின்னணுக் கருவிகள் செய்துவரும் ஊர் இது. இங்கே இன்று புதிதாகப் போர்டு வடிவமைக்க வரும் இளைஞர்கள் ஸ்கீமாட்டிக்கில் (சர்க்யூட் வரைபடத்தில்) பவர் நெட்டுக்கு, அதாவது மின்சாரம் தரும் இணைப்புக்கு, பெயர் வைக்கும் முறையைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

குளோபல் பவர் நெட்டின் பயன் பெரியது. ஒரே பெயருள்ள பவர் சிம்பல்கள் எந்த ஷீட்டில் இருந்தாலும், இடையே கோடு இல்லாமலே இணைந்துவிடும். முப்பது ஐசிகளின் ஒவ்வொரு பவர் பின்னுக்கும் கோடு இழுத்தால் சிக்னலின் போக்கே கண்ணுக்குத் தெரியாது. சர்க்யூட்டைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் ஸ்பைஸ் மொழியில் ‘.குளோபல்’ கட்டளை இருப்பதும் இதற்காகத்தான்.

ஆனால் இணைப்பு முழுவதும் பெயரை மட்டுமே நம்பி நிற்கிறது. போர்டு வடிவமைக்கும் கிகேட் மென்பொருளின் பழைய பதிப்புகளில், சிம்பலுக்குள் மறைந்திருக்கும் பின்னின் பெயர்தான் நெட்டைத் தீர்மானித்தது. +5வி சிம்பலை நகலெடுத்து, மேலே தெரியும் மதிப்பை மட்டும் +12வி என்று மாற்றினால், படம் 12 வோல்ட் என்று காட்டும். இணைப்பு 5 வோல்ட்டில் கிடக்கும். 2023இல் வந்த 7ஆம் பதிப்பில் மதிப்பே நெட்டின் பெயரானது. மிக நல்ல திருத்தம்.

எந்தப் பதிப்பாலும் தீராத குறை ஒன்று உண்டு. ஸ்கீமாட்டிக்கின் மின் இணைப்புகளைச் சரிபார்க்கும் ஈஆர்சி சோதனைக்கு வோல்ட் தெரியாது. பவர் பின்னுக்கு எங்கிருந்தாவது மின்சாரம் வருகிறதா என்று அது பார்க்கும், எத்தனை வோல்ட் என்று பார்க்காது. 5 வோல்ட் பகுதியிலும் இஎஸ்பி32 சிப் உள்ள பகுதியிலும் ‘விசிசி’ என்ற பொதுப் பெயரையே எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும், 3.6 வோல்ட்டுக்கு மேல் தாங்காத அந்தச் சிப்புக்கு 5 வோல்ட் போகும், சோதனை வாய் திறக்காமலே இருந்துவிடலாம். மாறாக, ஓரிடத்தில் +3வி3, இன்னோரிடத்தில் +3.3வி என்று எழுதினால் ஒரே சப்ளை இரண்டு நெட்டாகப் பிரிந்துவிடும். அப்போது ஈஆர்சி பிழை காட்டும். பலர் உடனே, நெட்டுக்கு மின்சாரம் வருகிறது என்று ஈஆர்சிக்குச் சொல்லும் குறியான பவர் ஃபிளாக்கை ஒட்டி அதன் வாயை அடைக்கிறார்கள். இந்தப் பழக்கம்தான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. மின்சாரம் வராத நெட்டுக்கு ‘வருகிறது’ என்று கையெழுத்திடுவது அது.

போர்டு முழுவதும் ஓடும் சப்ளைக்கு மட்டும் குளோபல் நெட் போதும். அதன் பெயரில் வோல்ட் இருக்கட்டும். பலமுறை பயன்படும் ஷீட்டுக்குப் பவரை அந்த ஷீட்டின் எல்லையில் வைக்கும் ஹையரார்க்கிகல் பின் வழியாகவே கொடுக்க வேண்டும். பொறியியல் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மாணவரின் ஸ்கீமாட்டிக்கைத் திருத்தும்போது முதலில் பவர் நெட்டுகளின் பெயர்களை வாசியுங்கள், ஒவ்வொரு பவர் ஃபிளாக்கும் ஏன் அங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.