கொம்பும் நாரும் கூடிய வில்

மங்கோலியப் படைகள் என்றதும் எல்லோரும் குதிரையைப் புகழ்கிறார்கள். எனக்கு அவர்களின் வில்தான் பேரதிசயம். நடுவே மரம், எய்பவரைப் பார்த்த பக்கம் கொம்பு, மறுபக்கம் விலங்கின் தசைநார். நாணை இழுத்தால் கொம்பு நெருக்கத்தைத் தாங்கும், நார் இழுபட்டு நீளும். விட்டதும் இரண்டும் ஒன்றாகத் துள்ளும். என்ன அருமையான கூட்டு! ஒட்டிய பசை மெல்லத்தான் உலரும் என்பதால், நல்ல வில் முடிய மாதக்கணக்காகும். ஈரம் ஆகாது, அதற்காகவே மேலே பிர்ச் மரப்பட்டை ஒட்டுவார்கள். நீளம் குறைவு, ஆகவே குதிரைமேல் இருந்தபடியே பின்னால் திரும்பியும் எய்யலாம்.

செங்கிஸ்கானின் தம்பி கசாரின் மகன் யிசுங்கே 335 பாகத் தொலைவு (ஒரு பாகம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம்) எய்ததாகச் சொல்லும் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிட்டாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரை கிலோமீட்டருக்கும் மேல் அது.